ஸ்பின் கோட்டிங்ல வேலை செஞ்ச கரைசல் பிரிண்டர்ல ஏன் சொதப்புது: இண்டியம் ஆக்ஸைடு மை பத்தி ஒரு நீண்ட பதில்

முதல்ல உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடறேன். இண்டியம் நைட்ரேட்ட 2-மெத்தாக்ஸிஎத்தனால்ங்கற கரைப்பான்ல 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்) கரைச்சு, சிலிக்கான் வேஃபர் மேல ஸ்பின் கோட் பண்ணி (ஊத்தி வேகமா சுத்தி மெல்லிசா பரப்பி) 300 டிகிரில சுட்டா டிரான்சிஸ்டர் நல்லா வேலை செய்யுது. அதே கரைசல டைமேடிக்ஸ்ங்கற ஆய்வக இன்க்ஜெட் பிரிண்டரோட, சொட்டுக்கு 10 பிகோலிட்டர் விடற கார்ட்ரிட்ஜ்ல ஏத்தி, 20 மைக்ரான் டிராப் ஸ்பேசிங் (சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி) வச்சு சின்ன சதுரமா அடிச்சா, பத்து நிமிஷத்துல நாஸில் (சொட்டு வெளிய வர்ற துளை) அடைக்குது, சதுரத்தோட ஓரம் தடிப்பா வருது, கேட்டுக்கு (டிரான்சிஸ்டர ஆன், ஆஃப் பண்ற முனை) எவ்வளவு நெகட்டிவ் வோல்டேஜ் குடுத்தாலும் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆக மாட்டேங்குது. விஸ்காசிட்டி (குழகுழப்பு) ஏத்தறதுக்கு என்ன சேர்க்கலாம்னு கேட்டிருக்கீங்க.

விஸ்காசிட்டிக்கு அப்புறம் வருவோம். உங்க டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகாததுக்கு அது காரணமே இல்ல. ஒரு பேப்பர் எடுத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சுடும். 10 பிகோலிட்டர்னா 10,000 கன மைக்ரான். 20 மைக்ரான் ஸ்பேசிங்னா ஒவ்வொரு சொட்டும் 20க்கு 20, அதாவது 400 சதுர மைக்ரான் இடத்துக்குப் பொறுப்பு. 10,000ஐ 400ஆல வகுத்தா 25 மைக்ரான், இதுதான் ஈரமா இருக்கறப்போ உங்க படலத்தோட தடிமன். இப்ப 0.2 மோலார் இண்டியம்னா லிட்டருக்கு 0.1 மோல் இண்டியம் ஆக்ஸைடு, கிட்டத்தட்ட 27.8 கிராம். அடர்த்தி 7.18னு எடுத்துகிட்டா லிட்டருக்கு 3.9 மில்லிலிட்டர் திடப்பொருள். 25 மைக்ரான் ஈரத்துல இது எவ்வளவு மிஞ்சும்னா ஏறக்குறைய 97 நானோமீட்டர், அதுவும் ஓட்டை ஒடசல் எதுவும் இல்லாம கெட்டியா அமைஞ்சாத்தான். ஸ்பின் கோட்டிங்ல அதே கரைசலுக்கு உங்களுக்கு ஒரு 10லேர்ந்து 20 நானோமீட்டர்தான் வந்திருக்கும், ஏன்னா மிச்சம் எல்லாம் சுத்துற வேகத்துல வெளியே பறந்து போயிடுது. பிரிண்டர்ல எதுவும் பறந்து போகாது, வச்சது வச்ச இடத்துலயே இருக்கும்.

இண்டியம் ஆக்ஸைடுல எலெக்ட்ரான் ரொம்ப அதிகம், ஆக்ஸிஜன் குறைபாடுகளால தானாவே வர்றது. கேட் வோல்டேஜ் கட்டுப்படுத்தறது டைஎலெக்ட்ரிக்குக்கு (கேட்டையும் படலத்தையும் பிரிக்கற மின்கடத்தா அடுக்கு) பக்கத்துல இருக்கற மெல்லிய பகுதியைத்தான். படலம் 5லேர்ந்து 10 நானோமீட்டரா இருந்தா முழுசுலயும் எலெக்ட்ரான காலி பண்ணிடலாம். 100 நானோமீட்டர்ல கீழ் பகுதி காலியானாலும் மேல் பகுதி கம்பி மாதிரி ஓட்டிகிட்டே இருக்கும். அதனால உங்களுக்கு வந்தது டிரான்சிஸ்டர் இல்ல, ஒரு ரெசிஸ்டர். அதே கணக்க 0.05 மோலார், 40 மைக்ரான் ஸ்பேசிங்குக்குப் போடுங்க: ஈரத்துல 6.25 மைக்ரான், காய்ஞ்சா 6 நானோமீட்டர். மை செய்யறதுல முதல் முடிவு இதுதான்: கடைசியா எத்தன நானோமீட்டர் வேணும்னு தீர்மானிச்சு, அங்கேருந்து பின்னாடி வந்து செறிவை முடிவு பண்ணணும். நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, முதல்ல சொட்டு நல்லா விழற மாதிரி மையைத் தயார் பண்ணிட்டு அப்புறம் படலத்தைப் பாக்கறாங்க, மாசக்கணக்குல நேரம் போயிடுது.

இப்ப ஓரத்துத் தடிப்பு. காபி சிந்தின இடத்துல வளையம் விழுமே, அதேதான். 1997ல டீகனும் கூட்டாளிகளும் இதுக்குக் காரணத்த விளக்கினாங்க: சொட்டோட ஓரம் தரையோட ஒட்டிகிட்டு நகராம நிக்குது, ஓரத்துல ஆவியாதல் அதிகம், அங்க போற கரைப்பான ஈடுகட்ட நடுவுலேர்ந்து திரவம் ஓரத்துக்கு ஓடுது, ஓடறப்போ கரைஞ்சதையும் கூட்டிகிட்டுப் போகுது. சாயம் அடிக்கறவங்களுக்கு இது அழகு பிரச்சினை. நமக்கு மின்சாரப் பிரச்சினை. உங்க சதுரத்துல சோர்ஸ்லேர்ந்து டிரெயினுக்கு (படலத்தோட ரெண்டு பக்கமும் இருக்கற எலெக்ட்ரோடு) கரண்ட் ஓடற திசைக்கு இணையா ரெண்டு ஓரம் இருக்கு இல்லையா, அந்த ரெண்டு ஓரமும் நடுவை விடப் பல மடங்கு தடிப்பா இருந்தா, நடுப்பகுதி ஆஃப் ஆனாலும் அந்த ரெண்டு வரப்பு வழியா கரண்ட் போய்கிட்டே இருக்கும். வரப்பு உடைஞ்சு தண்ணி போற மாதிரி இல்ல, வரப்பே வாய்க்காலாயிட்ட மாதிரி. நடுவுல ஏஎஃப்எம் (ஊசி முனையால உயரம் அளக்கற நுண்ணோக்கி) வச்சு அளந்து 8 நானோமீட்டர் இருக்கேன்னு திருப்திப்பட்டா போதாது, ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரம் வரைக்கும் குறுக்கா ஒரு புரொஃபைல் (உயர வரைபடம்) எடுங்க.

இதுக்கு ஒரு சுலபமான தற்காப்பு இருக்கு, மையை மாத்தாமயே பண்ணலாம். சோர்ஸ், டிரெயின் எலெக்ட்ரோடோட அகலத்த ஆக்ஸைடு சதுரத்தை விடச் சின்னதா வச்சுடுங்க, ரெண்டு பக்கமும் ஒரு 50, 100 மைக்ரான் உள்ள தள்ளி இருக்கட்டும். உங்களுக்கு வேஃபரே கேட் முனையா இருக்கறதால, எலெக்ட்ரோடுக்கும் வரப்புக்கும் நடுவுல இருக்கற மெல்லிய பகுதியும் சேர்ந்தே ஆஃப் ஆகும், வரப்பு தனியா துண்டிக்கப்பட்டுடும். நான் ரெண்டு மாசம் கரைப்பான மாத்தி மாத்தி மல்லுக்கட்டின அப்புறம்தான் மாஸ்க்க (எலெக்ட்ரோடோட வடிவத்த முடிவு பண்ற அச்சு) மாத்தினா பாதி பிரச்சினை போகும்னு ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுது, அதனாலதான் இத முன்னாடியே சொல்றேன்.

ஆனா வளையத்தையே குறைக்கணும்னா கரைப்பான் கலவைக்குத்தான் வரணும். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. ரெண்டு கரைப்பான் கலந்தா ஓரத்துல சீக்கிரம் ஆவியாகறது எது, தங்கறது எதுன்னு யோசிங்க. கொதிநிலை அதிகமா இருக்கறது ஓரத்துல சேரும். திரவத்தோட மேற்பரப்பு எப்பவும் பரப்பு இழுவிசை கம்மியா இருக்கற இடத்துலேர்ந்து அதிகமா இருக்கற இடத்துக்குத்தான் இழுபடும், இதுக்குப் பேரு மரங்கோனி ஓட்டம். அப்போ ஓரத்துல சேர்ற கரைப்பானோட இழுவிசை கம்மியா இருந்தா, மேற்பரப்பு ஓரத்துலேர்ந்து நடுவுக்கு இழுக்கும், காபி வளையத்துக்கு எதிர்த் திசையில. தண்ணியோட இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், கொதிநிலை 100. புரொபிலீன் கிளைக்கால் 36 கிட்ட, கொதிநிலை 188. இந்த ஜோடி நமக்குச் சாதகம். ஆனா எல்லாரும் செய்யற மாதிரி 2-மெத்தாக்ஸிஎத்தனாலோட எத்திலீன் கிளைக்கால சேர்த்தீங்கன்னா, முதலாவது 31, கொதிநிலை 124, ரெண்டாவது 48, கொதிநிலை 197. ஓரத்துல சேர்றதுக்கு இழுவிசை அதிகம், அதனால மேற்பரப்பு இன்னும் ஓரத்துக்கே இழுக்கும். இருந்தாலும் எத்திலீன் கிளைக்கால் குழகுழப்பா இருக்கறதாலயும் மெதுவா காயறதாலயும் ஓட்டம் மந்தமாகி ஓரளவுக்குப் பலன் கிடைக்குது, பல பேருக்கு அதுவே போதுமானதாவும் இருந்திருக்கு. ஆனா ஏன் ஒரு அளவுக்கு மேல அது உதவ மாட்டேங்குதுன்னு கேட்டா காரணம் இந்த திசைதான்.

அதனால உங்களுக்கு என் சிபாரிசு: 2-மெத்தாக்ஸிஎத்தனால விட்டுடுங்க. தண்ணியும் புரொபிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி எடுத்து அதுல இண்டியம் நைட்ரேட்ட 0.05 மோலார் கரைங்க. இண்டியம் நைட்ரேட் தண்ணில தாராளமா கரையும், கரைசல் அமிலத்தன்மையா இருக்கறதால ஹைட்ராக்ஸைடா திரிஞ்சு விழாம நிக்கும். வெறும் தண்ணில இண்டியம் நைட்ரேட்ட கரைச்சு 200 டிகிரிக்குக் கீழயே டிரான்சிஸ்டர் செஞ்சு காட்டியிருக்காங்க, ஏன்னா அங்க எரிச்சு வெளியேத்த வேண்டிய கார்பன் கிடையாது. புரொபிலீன் கிளைக்கால் சேர்க்கறதால கொஞ்சம் கார்பன் உள்ள வருதுங்கறது உண்மைதான், ஆனா அது பெரும்பாலும் சுடறதுக்கு முன்னாடியே ஆவியாப் போயிடும். நீங்க 300 டிகிரி வரைக்கும் போறதால கவலைப்பட ஒண்ணும் இல்ல.

விஸ்காசிட்டி கேட்டீங்களே, இப்ப வரேன். சொட்டு ஒழுங்கா பிரியுமா, வால் நீண்டு குட்டிச் சொட்டுகளா சிதறுமா, இல்ல நாஸில விட்டே வராதாங்கறத ஒரே எண்ணுல சொல்லலாம். பரப்பு இழுவிசை, அடர்த்தி, நாஸில் விட்டம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து விஸ்காசிட்டியால வகுக்கணும், ஓனசார்க எண்ணோட தலைகீழ், இசட்னு சொல்வாங்க. ரைஸும் டெர்பியும் 2000ல சொன்னது, இது 1லேர்ந்து 10க்குள்ள இருந்தா பிரிண்ட் பண்ணலாம்னு. உங்க கார்ட்ரிட்ஜ் நாஸில் சுமார் 21 மைக்ரான். சுத்தமான 2-மெத்தாக்ஸிஎத்தனாலுக்கு விஸ்காசிட்டி 1.7 சென்டிபாய்ஸ் போட்டா இசட் 14, 15 வரும், அதாவது சொட்டு வரும் ஆனா கூடவே குட்டிச் சொட்டுங்க வரும், ஓரம் சுத்தமா இருக்காது. தண்ணி, புரொபிலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதில விஸ்காசிட்டி 5, 6 சென்டிபாய்ஸ் கிட்ட வரும், இசட்டும் 5, 6 கிட்ட நிக்கும். டைமேடிக்ஸ்காரங்க 10லேர்ந்து 12 சென்டிபாய்ஸ்னு சிபாரிசு பண்றாங்க, ஆனா 5லயும் வேவ்ஃபார்ம்ம (சொட்டு தள்ற மின்துடிப்போட வடிவம்) கொஞ்சம் சரி பண்ணி நல்லா அடிக்கலாம். அந்த 10 வரணுங்கறதுக்காகப் பாலிமர் கெட்டிப்படுத்தி எதையும் தயவுசெஞ்சு சேர்க்காதீங்க. பிவிபி, எத்தில் செல்லுலோஸ் மாதிரி சேர்த்தா சொட்டு ரொம்ப அழகா விழும், ஆனா 6 நானோமீட்டர் படலத்துக்குள்ள அந்தக் கார்பன் எல்லாம் எரிஞ்சு போகணும், போகறப்போ ஓட்டை விட்டுட்டுப் போகும். சில்வர் பேஸ்டுக்கு அது சரி. செமிகண்டக்டருக்கு அது விஷம். கிளிசரினும் அப்படித்தான், கொதிநிலை 290, போக மாட்டேன்னு உக்காந்துக்கும்.

அளக்கறதுக்குக் கருவி இல்லைன்னு எழுதியிருந்தீங்க. உங்க காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல பி.எஸ்.சி பசங்க யூஸ் பண்ற ஆஸ்ட்வால்ட் விஸ்காமீட்டரும் ஸ்டாலக்மோமீட்டரும் கண்டிப்பா இருக்கும், கேட்டு வாங்குங்க. ஒண்ணுல விஸ்காசிட்டி, இன்னொண்ணுல பரப்பு இழுவிசை. 25 மில்லி மை வேணும், அவ்வளவுதான். சொட்டு விழறதைக் காட்டற பிரிண்டரோட டிராப் வாட்ச்சர் கேமரா முன்னாடி ரெண்டு வாரம் உக்கார்றதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு முக்கியமான விஷயம், இத யாரும் பேப்பர்ல எழுத மாட்டாங்க. இண்டியம் நைட்ரேட் பாட்டில் மேல ஹைட்ரேட்னு மட்டும் போட்டு தண்ணி மூலக்கூறு எத்தனன்னு எக்ஸ் போட்டிருப்பாங்க. நீங்க எடை போடறப்போ மூணா, அஞ்சான்னு தெரியாது. மூணுன்னா மூலக்கூறு எடை 355, அஞ்சுன்னா 391, பத்து சதவீதம் வித்தியாசம். அது மட்டும் இல்ல, அந்த உப்பு காத்துலேர்ந்து ஈரத்த உறிஞ்சும், சென்னை மாதிரி கடலோர ஊர்ல மழைக்காலத்துல பாட்டில ரெண்டு நிமிஷம் திறந்து வச்சா ஓரம் பிசுபிசுன்னு ஆகிடும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு தடவை இத பண்ணிடுங்க: சரியா ஒரு கிராம் எடுத்து ஒரு அலுமினா குருசிபிள்ல போட்டு, ஃபியூம் ஹூட்ல மெதுவா சூடேத்தி காய வச்சு, அப்புறம் மஃபிள் ஃபர்னஸ்ல 700 டிகிரில ஒரு மணி நேரம் வச்சு, ஆறினதும் மிஞ்சின மஞ்சள் தூளை எடை போடுங்க. அது இண்டியம் ஆக்ஸைடு. மூணு தண்ணியா இருந்தா 0.39 கிராம், அஞ்சா இருந்தா 0.355 கிராம் வரும். பழுப்புப் புகை வரும், அது நைட்ரஜன் ஆக்ஸைடு, மூச்சுல போகக் கூடாது. இந்த ஒரு எண்ணு கையில இருந்தா போன மாச பேட்ச்சும் இந்த மாச பேட்ச்சும் ஏன் ஒத்துப் போகலைங்கற பாதி சண்டை தீரும்.

ஏன் நைட்ரேட், குளோரைடோ அசிடேட்டோ எடுக்கக் கூடாதான்னு கேட்டா, எல்லாம் அடுப்புல இருக்கற விஷயம். நைட்ரேட் 200, 250 டிகிரி சுமாருக்கே சிதைஞ்சு ஆக்ஸைடாகும். குளோரைடுல குளோரின் முழுசா வெளியேறணும்னா 400 டிகிரி வரைக்கும் போக வேண்டியிருக்கும், மிஞ்சினது டிரான்சிஸ்டர கெடுக்கும், ஸ்டீல் பாகங்களையும் அரிக்கும். அசிடேட் துத்தநாக ஆக்ஸைடுக்கு ரொம்பப் பழக்கமான வழி, மோனோஎத்தனாலமின் ஒண்ணுக்கு ஒண்ணு சேர்த்தா தெளிவா கரையும், ஆனா அதுலயும் கார்பன் இருக்கு. துத்தநாகத்துக்கு இன்னொரு அழகான வழி 2008ல ஓரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல கெஸ்லர் குழு காட்டினது, துத்தநாக ஹைட்ராக்ஸைட அம்மோனியாத் தண்ணில கரைச்சு அத இன்க்ஜெட் மையாவே யூஸ் பண்ணி 150 டிகிரில டிரான்சிஸ்டர் எடுத்தாங்க. அதுல கார்பனே கிடையாது. அம்மோனியா நாஸில் முனையிலயே பறந்து போறதுதான் தலைவலி.

2011ல நார்த்வெஸ்டர்ன்ல மார்க்ஸ், ஃபக்கெட்டி, கனட்சிடிஸ் குழு எரிதல் முறைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. நைட்ரேட்ட ஆக்ஸிஜன் குடுக்கறதாவும், அசிட்டைல் அசிட்டோன் இல்ல யூரியாவ எரிபொருளாவும் ஒரே மையில வச்சா, சூடேத்தறப்போ உள்ளுக்குள்ளயே எரிஞ்சு அந்த வெப்பமே ஆக்ஸைட உண்டாக்க உதவும், வெளிய 200லேர்ந்து 250 டிகிரி போதும்னு. பல மெட்டலுக்கு வேலை செய்யுது. ஆனா 10 நானோமீட்டர் படலத்துல வர்ற வெப்பம் நொடிக்குள்ள கீழ இருக்கற வேஃபருக்குப் போயிடுமே, அப்போ உண்மையிலயே எரியுதா இல்ல அந்த லிகண்ட் (உலோகத்தோட ஒட்டற அந்த எரிபொருள் மூலக்கூறு) வேற விதமா உதவுதான்னு எனக்குச் சந்தேகம் உண்டு. தூளா வச்சு டிஜிஏ (சூடேத்தறப்போ எடை எப்படி மாறுதுன்னு அளக்கறது) எடுத்தா வர்ற கூர்மையான உச்சிய அப்படியே படலத்துக்கும் நம்பிடாதீங்க.

பிளாஸ்டிக் மேல அடிக்கணும்னா, பாலிமைடு ஷீட் 300 டிகிரி தாங்கும், அதுல உங்க முறையே போதும். பிஇஎன்க்கு 180, 200தான், பிஇடி அதுவும் தாங்காது, வளைஞ்சு சுருங்கிடும். அங்க போகணும்னா 2012ல கொரியாவுல காட்டின டீப் யூவி வழி இருக்கு: லோ பிரஷர் மெர்க்குரி விளக்கு, நைட்ரஜன் சூழல், 185, 254 நானோமீட்டர் ஒளி, மாதிரியோட வெப்பம் 150 டிகிரி சுமார். நைட்ரஜன் ஏன்னா காத்துல இருக்கற ஆக்ஸிஜன் 185ஐ வழியிலயே விழுங்கி ஓசோனாக்கிடும். வேஃபர்ல நீங்க இத முயற்சி பண்ணத் தேவையில்ல.

இதுக்கெல்லாம் அடிப்படைல ஒரு கேள்வி இருக்கு: சுட்ட மண்ணு மாதிரி ஒழுங்கில்லாத படலத்துல எப்படி எலெக்ட்ரான் இவ்வளவு நல்லா ஓடுது? சிலிக்கான்ல அணுக்களுக்கு நடுவுல பிணைப்பு திசை பிடிச்சது, ஒழுங்கு கெட்டா நகர்ச்சி ஆயிரம் மடங்கு போல விழும். இண்டியம், தகரம் மாதிரி உலோகங்கள்ல எலெக்ட்ரான் ஓடறது வெளிக் கூட்டுல இருக்கற பெரிய கோள வடிவ எஸ் ஆர்பிட்டால் வழியா, பக்கத்து அணு எந்தக் கோணத்துல இருந்தாலும் கோளமும் கோளமும் உரசிக்கும். டோக்கியோவுல ஹோசோனோ 1996லயே இத ஒரு கருதுகோளா சொன்னாரு, 2004ல அவரும் நொமுராவும் பிளாஸ்டிக் மேல ஒழுங்கில்லாத இண்டியம் காலியம் துத்தநாக ஆக்ஸைடு டிரான்சிஸ்டர் செஞ்சு காட்டினாங்க. இன்னிக்கு வீட்ல இருக்கற பெரிய ஓலெட் டிவிக்குப் பின்னாடி இருக்கறது அந்தக் குடும்பம்தான், ஆனா அது எல்லாம் வெற்றிடத்துல ஸ்பட்டர் பண்ணது (அயனிகளை மோத விட்டு அணுக்களைத் தெறிக்க வச்சுப் படிய வைக்கறது). பிரிண்ட் பண்ற நாம அந்த வெற்றிட அறை இல்லாம அதே பொருள எடுக்கப் பாக்கறோம். அதனாலதான் எனக்கு இந்த வேலை மேல இவ்வளவு ஆசை.

நாஸில் அடைக்கறதுக்கு வரேன். 2-மெத்தாக்ஸிஎத்தனால் நாஸில் வாயில ஆவியாகுது, 0.2 மோலார் அங்க 1 மோலாராகுது, மேல ஒரு தோல் கட்டுது. மை மாறினதுமே இது பெரும்பாலும் குறையும், ஏன்னா புரொபிலீன் கிளைக்கால் அந்த வாயை ஈரமா வச்சுக்கும், செறிவும் நாலுல ஒரு பங்கா ஆயிடுது. அதுக்கு மேலயும் பிரச்சினைன்னா, அடிக்காம சும்மா இருக்கற நேரத்துல சொட்டு வெளிய வராத அளவுக்குச் சின்னத் துடிப்பு மட்டும் குடுக்கற வசதி வேவ்ஃபார்ம் எடிட்டர்ல இருக்கும், டிக்கிள்னு பேரு, அத ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு பேட்டர்னுக்கும் முன்னாடி ஒரு சுத்தம் செய்யற சைக்கிள். எல்லா 16 நாஸிலும் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, பக்கத்துப் பக்கத்துல ஒரே வேகத்துல அடிக்கற மூணு நாஸில் கிடைச்சா அதுலயே டிரான்சிஸ்டர் எல்லாம் முடிச்சுடலாம், ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் ஒழுங்கான ஒண்ணு போதும். மைய ஏத்தறதுக்கு முன்னாடி 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியா விடுங்க, தண்ணி மைக்கு ஹைட்ரோஃபிலிக் வகை, சாதா பிடிஎஃப்இ ஃபில்டர் தண்ணிய விடாது. ஃபில்டர் திடீர்னு கையில இறுகுதுன்னா உள்ள ஏதோ திரிஞ்சிருக்கு, அந்தப் பேட்ச்ச தூக்கிப் போடுங்க, இன்னொரு ஃபில்டர் மாட்டி வலுக்கட்டாயமா அழுத்தாதீங்க. அப்புறம் கார்ட்ரிட்ஜ்ல ஏத்தறதுக்கு முன்னாடி மைல கரைஞ்ச காத்த எடுத்துடுங்க, வேக்யூம்ல பத்து நிமிஷம் வச்சா போதும். உள்ள ஒரு குமிழ் இருந்தா பீசோ (மின்துடிப்பு குடுத்தா அசைஞ்சு மைய தள்ற பாகம்) குடுக்கற அழுத்தத்த அதுவே குடிச்சிடும், நாஸில் அடைஞ்ச மாதிரியே தெரியும், நீங்க துடைச்சுகிட்டே இருப்பீங்க.

வேஃபர் மேற்பரப்புக்கும் அதே அளவு அக்கறை வேணும். யூவி ஓசோன் அதிகமா குடுத்தா மை கட்டுப்பாடில்லாம பரவும், குடுக்கவே இல்லைன்னா முத்து முத்தா திரண்டு நிக்கும். பறக்கறப்போ 10 பிகோலிட்டர் சொட்டோட விட்டம் 27 மைக்ரான், தரையில விழுந்து 60 மைக்ரான் சுமாருக்குப் பரவினா 40 மைக்ரான் ஸ்பேசிங்ல சொட்டும் சொட்டும் நல்லா சேரும். ஒத்தைச் சொட்டு அடிச்சு மைக்ரோஸ்கோப்ல விட்டம் பாருங்க, ஸ்பேசிங் அந்த விட்டத்துல மூணுல ரெண்டு பங்குன்னு ஆரம்பிங்க. ஓசோன் குடுத்து எத்தன நிமிஷம் கழிச்சு அடிச்சீங்கங்கறதையும் எழுதி வையுங்க, மேற்பரப்பு மணிக்கணக்குல மாறும். பிரிண்டர் தட்ட 60 டிகிரிக்குச் சூடேத்தினா சீக்கிரம் காயும்னு தோணும், ஆனா அது வளையத்த அதிகமாக்கும். பெர்க்லில 2008ல சோல்ட்மனும் சுப்ரமணியனும் பண்ண வேலைல தட்ட குளிர வச்சா வளையம் குறையுதுன்னு காட்டினாங்க. அறை வெப்பத்துலயே வச்சு அடிச்சு, அடிச்ச உடனே ஒரு மூடி போட்டு பத்து நிமிஷம் மட்டமாக விட்டுட்டு, அப்புறம் ஹாட் பிளேட்ல 120 டிகிரி, அப்புறம் 300. நேரா 300ல வச்சா படலம் கொதிச்சு ஓட்டை விழும்.

நானோ துகள் மைக்குப் போகலாமான்னு கடைசில கேட்டிருந்தீங்க. டிரான்சிஸ்டர் சேனலுக்கு (கரண்ட் ஓடற படலம்) வேண்டாம்னுதான் சொல்வேன். ஏற்கனவே படிகமான துகள் கைல இருக்குங்கறது பெரிய வசதிதான், ஆனா துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இருக்கற சந்துதான் எலெக்ட்ரானுக்குத் தடை, அதை ஒட்ட வைக்கறதுக்கு மறுபடி சூடு வேணும், துகள் ஒட்டிக்காம இருக்கறதுக்குப் போட்ட டிஸ்பர்சன்ட்டும் சந்துல உக்காந்திருக்கும். ஐடிஓ (இண்டியம் தகர ஆக்ஸைடு) எலெக்ட்ரோடு, கேஸ் சென்சாருக்கு தகர ஆக்ஸைடு, சோலார் செல்லுக்குத் துத்தநாக ஆக்ஸைடு லேயர், இதுக்கெல்லாம் துகள் மைதான் நல்லது, சென்சாருக்கு ஓட்டை இருக்கறதே லாபம். செய்யறதுன்னா பிஎச்ச முதல்ல யோசிங்க: துத்தநாக ஆக்ஸைடு பிஎச் 9 கிட்ட மின்னூட்டம் இல்லாம ஆகி திரண்டு உக்காரும், 6க்குக் கீழ கரையவே ஆரம்பிச்சிடும். கட்டியோட அளவு நாஸில் விட்டத்துல அம்பதுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, உங்களுக்கு 400 நானோமீட்டர். ஜெர்மனியோட கார்ல்ஸ்ரூஹேல இந்தத் துகள் படலத்தோட கரடுமுரடயே சாதகமாக்கி, கேட் டைஎலெக்ட்ரிக்குக்குப் பதிலா ஒரு எலெக்ட்ரோலைட்ட ஊத்தினாங்க, அது ஓட்டைக்குள்ள எல்லாம் ஊறி ஒவ்வொரு துகளையும் தொட்டுடும். ரொம்ப புத்திசாலித்தனமான வழி, ஒரு வோல்டுக்குள்ள சுவிட்ச் ஆகும்.

வீட்டு பிரிண்டர்ல முடியுமான்னா, எப்சன் மாதிரி பீசோ ஹெட்ல கொள்கை அளவுல முடியும், ஆனா டிராப் வாட்ச்சர் இல்லாம மை டெவலப் பண்றது கண்ணக் கட்டிகிட்டு சமைக்கற மாதிரி. சூடேத்தி குமிழ் உண்டாக்கற வகை ஹெட்ல நைட்ரேட் மை அந்தச் சூடான இடத்துலயே ஆக்ஸைடா படிஞ்சு போகற வாய்ப்பு அதிகம், வேண்டாம்.

பாதுகாப்பு பத்தி நீங்க எதுவும் கேக்கல, ஆனாலும் சொல்லியே ஆகணும். 2-மெத்தாக்ஸிஎத்தனால் கருவையும் விந்தணுவையும் பாதிக்கும்னு நிரூபணமான பொருள், தோல் வழியாவும் போகும், சாதா நைட்ரைல் கையுறைய சீக்கிரமே ஊடுருவிடும். நீங்க இது வரைக்கும் எத்தன பேர் அந்த மேஜைல வேலை செஞ்சீங்களோ அத்தன பேருக்கும் இத சொல்லுங்க. இண்டியம் ஆக்ஸைடு தூளும் லேசுப்பட்டது இல்ல, ஜப்பான்ல ஐடிஓ தொழிற்சாலைல வேலை செஞ்ச ஒருத்தர் நுரையீரல் நோயால இறந்தது 2003ல பதிவாச்சு, அதுக்கப்புறம்தான் உலகம் கவனிச்சுது. மஃபிள் ஃபர்னஸ்லேர்ந்து எடுத்த மஞ்சள் தூள ஊதாதீங்க, சுரண்டாதீங்க. மீந்துபோன மைய பீக்கர்ல ஊத்தி ஹாட் பிளேட்ல வத்த வைக்கவே கூடாது: நைட்ரேட்டும் கிளைக்காலும் சேர்ந்து வத்தினா ஒரு கட்டத்துல தானா பத்திக்கும், படலத்துல நடக்கறதா இல்லையான்னு சந்தேகப்பட்டேனே அந்த எரிதல், பீக்கர்ல சந்தேகமே இல்லாம நடக்கும். தண்ணி ஊத்தி நீர்த்து மூடின கேன்ல போட்டு கழிவுக்குக் குடுத்துடுங்க.

0.05 மோலார், 40 மைக்ரான், அறை வெப்பம், உள்ள தள்ளின எலெக்ட்ரோடு, இந்த நாலோட ஒரு பேட்ச் போட்டுட்டு ஓரத்துலேர்ந்து ஓரம் எடுத்த புரொஃபைலையும் டிரான்ஸ்ஃபர் கர்வையும் (கேட் வோல்டேஜோட கரண்ட் மாறற வரைபடம்) அனுப்புங்க, ஆஃப் கரண்ட் எங்க நிக்குதுன்னு பாத்துட்டு அடுத்தது பேசலாம்.